இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க், ஒரே டிரைவ்: விண்டோஸ் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் தேறுமா?

ஒரு ஹார்ட் டிஸ்க் போனாலும் ஃபைல்கள் தப்பிக்க வேண்டும் என்பதற்காகத் தனியாக நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டி) வாங்க வேண்டியதில்லை. இரண்டு டிஸ்க்கை ஒரே டிரைவாகச் சேர்த்து, ஒவ்வொரு ஃபைலையும் இரண்டிலும் எழுதும் (இதுதான் ‘மிரர்’) ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் வசதி விண்டோஸ் 8-லிருந்தே கூடவே வருகிறது. 10, 11 ஹோம் பதிப்புகளிலும் உண்டு, தனிக் காசு கிடையாது. மேஜையை விட்டு நகராத கம்ப்யூட்டருக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் யூ.எஸ்.பி. டிஸ்க்குகளில் இதை அமைத்தால், காலை வாருவது பெரும்பாலும் டிஸ்க் அல்ல, கேபிளும் கரண்டும்தான். (டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இருக்கும் பழைய மிரர் யூ.எஸ்.பி. டிஸ்க்கை ஏற்காது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.)

டிஸ்க் வாங்கும்போது தனி அடாப்டரோடு வரும் 3.5 அங்குல ரகமாகப் பாருங்கள். பாக்கெட்டில் போடும் 2.5 அங்குல டிஸ்க் போர்ட்டிலிருந்தே கரண்ட் எடுக்கும். இரண்டையும் அடாப்டர் இல்லாத ஹப்பில் செருகினால், எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று காணாமல் போகும். போதாக்குறைக்கு அவற்றில் பெரும்பாலானவை தடங்களைச் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்.எம்.ஆர். ரகம், மணிக்கணக்கில் தொடர்ந்து எழுதினால் வேகம் படுத்துவிடும். இரண்டும் ஒரே கொள்ளளவில் இருக்கட்டும். 4 டெராபைட்டையும் 2 டெராபைட்டையும் ஜோடி சேர்த்தால் கையில் கிடைப்பது 2 டெராபைட்தான். இரண்டு டிஸ்க் போடும் டாக் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: சில டாக்குகளின் சிப் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண்ணைச் சொல்லும். விண்டோஸ் அதை நம்பி ஒன்றை மட்டும்தான் காட்டும். தனித்தனிப் பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை.

அமைப்பது சுலபம். கன்ட்ரோல் பேனலில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸைத் திறந்து புதிய பூல் (டிஸ்க்குகளின் தொகுப்பு) உருவாக்கி, இரண்டு டிஸ்க்கையும் டிக் செய்து, ‘டூ-வே மிரர்’ தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலிலேயே வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். மிரர் வேண்டாம், வேறு வகை வேண்டும் என்று பிறகு தோன்றினால் அழித்துவிட்டுத்தான் புதிதாகத் தொடங்க வேண்டும். இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குக்கு விண்டோஸ் கணக்கில் சுமார் 3.63 டெராபைட் மிஞ்சும். அளவுக் கட்டத்தில் அதைவிடப் பெரிய எண்ணைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். போடாதீர்கள், பூல் நிரம்பிய அன்று டிரைவ் அப்படியே ஆஃப்லைன் போய்விடும்.

இனி கரண்ட். சி.பி.யூ.வை மட்டும் யூ.பி.எஸ்-ல் மாட்டிவிட்டு, டிஸ்க் அடாப்டர்களைச் சுவர் பிளக்கில் விட்டிருப்பார்கள். கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், டிஸ்க் இரண்டும் நடு எழுத்தில் அணைந்துவிடும். இரண்டு அடாப்டரும் சி.பி.யூ.வும் ஒரே யூ.பி.எஸ்-ல் இருக்க வேண்டும். பவர் ஆப்ஷன்ஸில் ‘யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்’ வசதியை நிறுத்திவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை அணைக்கும் நேரத்தை 0 ஆக்குங்கள்.

முக்கியமான ஃபைல்களை ஏற்றும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு டிஸ்க்கின் கேபிளை உருவுங்கள். டிரைவ் திறக்க வேண்டும், ஃபைல் ஓட வேண்டும், ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் பக்கத்தில் அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டும் எச்சரிக்கை வர வேண்டும். அப்படியே ரீஸ்டார்ட் செய்தும் பாருங்கள். இதில் இன்னொரு லாபம்: ஒரே மாதிரி இரண்டு கறுப்புப் பெட்டியில் எது எது என்று தெரிந்துவிடும். கேபிளைத் திரும்பச் செருகியதும் அந்த டிஸ்க்குக்கு ‘இடது’ அல்லது ‘வலது’ என்று ரீநேம் செய்து, பெட்டியிலும் அதே பெயரை ஒட்டுங்கள். எச்சரிக்கை முழுதாக மறையும்வரை மற்ற டிஸ்க்கைத் தொடாதீர்கள். திரும்பச் செருகிய டிஸ்க், இடையில் விடுபட்டதை அந்த மற்ற டிஸ்க்கிலிருந்துதான் படித்துக்கொண்டிருக்கும்.

டிஸ்க் தகராறு செய்ய ஆரம்பித்தால் உடனே பிடுங்கக் கூடாது. புதியதை மூன்றாவது போர்ட்டில் செருகி, ‘ஆட் டிரைவ்ஸ்’ கொடுத்து, பழையதற்கு ‘பிரிப்பேர் ஃபார் ரிமூவல்’ கொடுங்கள். முழுவதும் நிறைந்த 4 டெராபைட் என்றால், நொடிக்கு 120 மெகாபைட் வேகத்தில்கூட 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம், ஸ்லீப் மோடை மட்டும் நிறுத்திவிட்டு.

பல டிஸ்க்கைத் தானே ஒன்றாக இணைக்கும் ரெய்டு பெட்டிகளைவிட இது மேல் என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. அந்தப் பெட்டியின் போர்டு போனால் பெரும்பாலும் அதே மாடலைத் தேடி அலைய வேண்டும். இங்கே கம்ப்யூட்டரே போனாலும் இரண்டு டிஸ்க்கையும் வேறொரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால் போதும். மேக்கிலோ டிவியிலோ செருகினால் திறக்காது.

தவறி அழித்த ஃபைல் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அதே கதிதான். எனவே வாரம் ஒருமுறை செருகி, காப்பி எடுத்து, கழற்றி வைக்க மூன்றாவது டிஸ்க் ஒன்று வேண்டும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்கு இந்த மிரர் சரிவராது. அவர்கள் தனித்தனியாக இரண்டு டிஸ்க் வைத்துக்கொண்டு, ஃப்ரீஃபைல்சிங்க் போன்ற மென்பொருளில் மாற்றி மாற்றிக் காப்பி எடுக்கலாம்.