கல்யாண ஆல்பத்துக்கு ஏஐ: குமரி ஸ்டுடியோக்கள் எதை வாங்கலாம், எதில் கவனம் வேண்டும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து கல்யாண ஸ்டுடியோக்களுக்குப் பயன்படக்கூடிய மூன்று ஏஐ கருவிகளைப் பார்க்கலாம்: படத்தில் ஏறும் புள்ளிகளை நீக்கும் லைட்ரூமின் டீநாய்ஸ், தேர்ந்தெடுத்த இடத்தைத் தானே வரைந்து நிரப்பும் போட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில், படம் பொறுக்கித் தரும் அஃப்டர்ஷூட் வகை மென்பொருள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டீநாய்ஸைத் தயங்காமல் வாங்கலாம். ஜெனரேட்டிவ் ஃபில், தேர்ந்த டிசைனர் இருக்கும் கடைக்கு மட்டும். மூன்றாவதை உதவியாளாக வைத்துக்கொள்ளலாம், முடிவெடுக்க விடக்கூடாது.

சர்ச்சுக்குள் ஃபிளாஷ் வேண்டாம் என்று ஃபாதர் சொல்லிவிட்டால் கேமராவின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 6400-க்கு ஏற்றித்தான் ஆகவேண்டும். அப்போது படத்தில் ஏறும் புள்ளிகளை, 2023 ஏப்ரலில் வந்த டீநாய்ஸ் அருமையாக எடுத்துவிடுகிறது. ரா கோப்பு, அதாவது கேமரா பதிந்த மூலத் தரவு, கட்டாயம் வேண்டும். ஜேபெக் மட்டும் வைத்திருப்பவர்களுக்குப் பயனில்லை. புள்ளி நீக்கும் அளவு 50 என்று தானாக வந்து நிற்கும். அதை 30, 40-க்கு இறக்குங்கள். அப்படியே விட்டால் பட்டின் நெசவும் பாட்டி முகத்துச் சுருக்கமும் மெழுகு பூசினதுபோல வழுவழுத்துப் போகும். நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ஒரு படத்துக்கே பல நிமிடம் பிடிக்கும் என்பதால், ஆல்பத்துக்குத் தேர்வான படங்களுக்கு மட்டும் போடுவதே புத்தி. பழைய பதிப்பு என்றால் ஒவ்வொரு படத்துக்கும் டிஎன்ஜி என்ற தனிக் கோப்பு கூடுதலாக உருவாகும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டிவ் ஃபில்லைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஞாயிற்றுக்கிழமை அவுட்டோர் எடுத்தால் பின்னால் பத்துப் பேராவது நிற்பார்கள். அவர்களை லாசோ என்ற தேர்வுக் கருவியால் சுற்றி, கட்டளைப் பெட்டியை வெறுமையாக விட்டு ஜெனரேட் அழுத்தினால் மூன்று மாதிரிகள் வரும். ஆனால் பாலத்தின் நீண்ட கைப்பிடிச் சுவர் ஆள் நின்ற இடத்தில் லேசாக வளைந்திருக்கும். திற்பரப்பு அருவியில் இந்தத் தொல்லை குறைவு. நீர்த்துளிப் புகை தவறை மறைத்துவிடும். முட்டம் பாறைகளும் அப்படியே. நேர்கோடு இருக்கும் இடத்தில்தான் இது சறுக்குகிறது.

பிரிண்டில் தெரியும் குறை வேறு. ஆல்பத்தின் 12×36 அங்குல விரிப்பு (எதிரெதிர் இரு பக்கம்) 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், 10,800×3,600 பிக்சல். இந்த வசதி வந்த புதிதில் ஒரு தடவைக்கு 1024×1024 பிக்சல்தான் உருவாக்கும். 3000 பிக்சல் அகலத்தை ஒரே வீச்சில் தேர்ந்தெடுத்தால், அந்தச் சிறிய படத்தைக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இழுத்து ஒட்டும். மானிட்டரில் தெரியாது, ஆல்பம் கைக்கு வந்தபின் ஒரு பகுதி மட்டும் மங்கலாக நிற்கும். புதிய மாடல்களில் தரம் கூடியிருக்கிறது. ஆனாலும் ஆயிரம் பிக்சலுக்குள் சிறுசிறு துண்டாகத் தேர்ந்தெடுத்து நிரப்புவதே பாதுகாப்பு. பிறகு 100% அளவில் வைத்து மூலை மூலையாகப் பாருங்கள்.

முகம், விரல், நகை மூன்றிலும் கைவைக்கவே வேண்டாம். தாலியில் பொறித்த சிலுவை வெறும் பொன் புள்ளியாகிவிடும், மருதாணிக் கோலம் குழம்பும், காசுமாலையில் காசுகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டும். 2025-ல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்க மாலையைப் பாருங்கள்: அரளிப் பூவையும் நொச்சி இலையையும் வரிசை பிசகாமல் மடித்துக் கட்டுகிற நுட்பமான கைவேலை. அதன் ஒரு ஓரம் ஃபில்லுக்குள் மாட்டினாலே வரிசை கலைந்து சாதாரணப் பூச்சரமாகிவிடும். அதைக் கட்டினவர் உழைப்புக்கே அது அவமரியாதை. மண்டப வாசல் ஃபிளெக்ஸில் உள்ள தமிழ் எழுத்துகளும் கிறுக்கலாக மாறும். அங்கே பக்கத்துப் பகுதியைக் கையால் நகலெடுத்து ஒட்டும் பழைய குளோன் ஸ்டாம்ப்தான். இன்னொன்று, ஜெனரேட்டிவ் ஃபில், போட்டோஷாப் நிறுவனமான அடோபியின் சர்வரில் ஓடுகிறது. இணையம் வேண்டும், மாதாந்திரப் பயன்பாட்டு அளவான கிரெடிட் கரையும், வாடிக்கையாளரின் படமும் வெளியே போகும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை.

படம் பொறுக்கும் மென்பொருள் ஆயிரக்கணக்கான படங்களில் மங்கலானவற்றையும் ஒரே மாதிரியானவற்றையும் விரைவாகப் பிரிக்கும். கண் மூடிய படங்களையும் ஒதுக்கும், சிக்கல் அங்கேதான். தாலி கட்டும்போது பெண் குனிந்திருப்பாள், ஜெபத்தில் எல்லோரும் கண் மூடியிருப்பார்கள், அனுப்பிவைக்கும்போது அப்பா அழுவார். ஆல்பத்தின் உயிரான படங்கள் இவைதான். ஒதுக்கிய குவியலை மனிதக் கண் ஒருமுறை பார்க்காமல் அழிக்காதீர்கள்.

வேலை விஷயத்துக்கு வருவோம். பென் டூலால் முடி முடியாகப் பின்னணியை வெட்டித் தந்து பிழைத்தவர்களின் வேலையை, ஆளைத் தானாகப் பிரித்தெடுக்கும் போட்டோஷாப்பின் செலக்ட் சப்ஜெக்ட் பெருமளவு எடுத்துக்கொண்டது. மறைத்துப் பேச ஒன்றுமில்லை. கவலை தருவது வேறொன்று: புதிதாக வரும் பிள்ளைகள் அந்த வெட்டும் வேலையில்தான் ஒளி, நிழல், ஓரம் எல்லாம் படித்தார்கள். அந்தப் படி இப்போது இல்லை. ஆகவே பயிற்சிக்கு வருபவருக்கு முதல் மாதத்திலேயே சரிபார்க்கும் வேலையைக் கொடுங்கள். அசல் படத்தையும் ஏஐ தொட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிழல் விழும் திசை, விரல் எண்ணிக்கை, ஜரிகைக் கரையின் தொடர்ச்சி, நகையின் வடிவம் என்று தேடச் சொல்லுங்கள். நடு மடிப்பில் முகம் விழாமல் பக்கம் அமைப்பது, கோயில் முற்றத்து வெயிலையும் மண்டப எல்இடி வெளிச்சத்தையும் ஒரே தோல் நிறத்துக்குக் கொண்டுவருவது இரண்டையும் கூடவே கற்றுக்கொடுங்கள்.

ஏஐ வந்துவிட்டது என்று டிசைனர் கூலியைக் குறைக்கும் கடைகளுக்கு ஒரு வார்த்தை. வெட்டுவதில் மிச்சமான நேரத்தில் பாதி சரிபார்ப்பதற்கே போகும். ஆள் நீக்கிய படங்களுக்கு எண்ணிக்கைப்படி தனிக் கட்டணம் போட்டு, பில்லில் தனி வரியாக எழுதி, அதில் ஒரு பங்கை டிசைனருக்குக் கொடுங்கள்.