மதுரையில் மகளுக்குப் பல் பார்த்தது

டொராண்டோவிலிருந்து லீவுக்கு வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். மகளுக்குப் பத்து வயது. மேல்வரிசையில் முன்பல்லுக்கு அடுத்த பல் ஒரு பக்கம் முளைத்துவிட்டது, இன்னொரு பக்கம் பால்பல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மாமியார் பார்த்ததும் "அங்கன புள்ளைக்கு என்னத்தக் குடுக்குற, கால்சியம் பத்தலத்தா" என்று ஆரம்பித்தார்.

முதலில் போன கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இரண்டு நிமிடத்தில் கால்சியம் டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு கேள்வி இல்லை. வாங்காமல் வந்துவிட்டு, கே.கே.நகர் பக்கம் குழந்தைகளுக்கு மட்டும் பார்க்கும் ஒரு பல் மருத்துவரிடம் போனோம். முழுத் தாடை எக்ஸ்ரே, அதாவது ஓ.பி.ஜி., அன்று சாயங்காலமே எடுத்தாகிவிட்டது. படத்தில் அந்த இடத்தில், தாடைக்குள் பல்லாக வளரவேண்டிய பல்முளையே இல்லை. அப்புறம் எங்கிருந்து டானிக் வேலை செய்யும்?

பல்முளை உருவாவதைப் பெரும்பாலும் மரபணுதான் தீர்மானிக்கிறது, பாக்ஸ்9, எம்.எஸ்.எக்ஸ்1 போன்ற மரபணுக்களில் மாற்றம் இருந்தால் சில பற்கள் உருவாகாமலே போகலாம் என்றார் டாக்டர். ஒருவருக்கு இந்தப் பல் இல்லாத குடும்பத்தில் இன்னொருவருக்கு அதே பல் குட்டையாக, கூம்பாக இருப்பதும் உண்டாம். "வீட்ல யாருக்காவது அப்படி இருக்கா?" என்றார். கூட வந்திருந்த மாமியார் வாயைக் கையால் மூடிக்கொண்டார், அவருக்கு அப்படி ஒன்று இருக்கிறது. அதோடு கால்சியம் பேச்சு நின்றது.

அதற்காகச் சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லை என்றில்லை. பால்பற்கள் கெட்டிப்படத் தொடங்குவது கர்ப்பத்தின் நாலாவது மாதத்தை ஒட்டி. ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல் பிறக்கும் நேரத்திலேயே கெட்டிப்பட ஆரம்பிக்கிறது. பல் கெட்டிப்படும் அந்தச் சமயத்தில் வைட்டமின் டி, கால்சியம் ரொம்பக் குறைந்தால் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேல்பூச்சு, மெலிசாகவும் குழிகுழியாகவும் அமையலாம், பல் முளைப்பதும் தள்ளிப்போகலாம். எனாமலைக் கட்டும் செல்கள் பல் வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன, அதனால் பிறகு எவ்வளவு கேழ்வரகுக் கூழ் குடித்தாலும் அந்தக் குழி தானாக மூடாது (எலும்புக்கு நல்லது, குடிக்கட்டும்).

உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த நாத்தனார் பையனையும் சேர்த்துக் காட்டினோம். பல்லில் வெள்ளைக் கோடுகள். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "போர் தண்ணியா குடிக்கிறீங்க?" என்பதுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கும் தண்ணீரைப் பல் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுவரை, தொடர்ந்து குடித்தால் இப்படிக் கறை விழும். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம், நாத்தனார் கொடுக்கப்போகிறார்.

மகளுக்கு இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், பால்பல்லைப் பிடுங்கிவிடாதீர்கள், இடைவெளியை வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றார். செலவு எக்ஸ்ரேயோடு சேர்த்தே ரொம்பக் குறைவு. ஒன்று மட்டும், எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் தெளிவு குறைந்துவிடும், ஒரிஜினல் ஃபைலை மெயிலில் கேட்டு வாங்குங்கள்.