கிளம்பிய ஆர்செனல், தங்கிய லிவர்பூல்: பழைய ஸ்டேடியத்தை என்ன செய்வது?

பழைய ஸ்டேடியத்தை விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, இருப்பதையே பெரிதாக்குவதா? இங்கிலாந்தின் இரண்டு பெரிய கால்பந்து கிளப்புகள் இதற்கு நேரெதிரான முடிவுகளை எடுத்தன. ஆர்செனல் 2006இல் தன் ஹைபரி மைதானத்திலிருந்து வெளியேறியது. லிவர்பூல் தன் ஆன்ஃபீல்ட் மைதானத்திலேயே தங்கி, ரசிகர்கள் அமரும் ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக உயர்த்தியது. என் ஓட்டு லிவர்பூலுக்குத்தான். ஆனால் அந்த வழிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும்.

இரண்டு கிளப்புகளுக்கும் நெருக்கடி ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 உயிர்கள் போனபிறகு, பெரிய மைதானங்களில் ரசிகர்கள் நின்று பார்க்கும் ஏற்பாடு முடிவுக்கு வந்தது. எல்லோருக்கும் இருக்கை கட்டாயமானது. 1935இல் 73,000 பேருக்கு மேல் திரண்ட ஹைபரியின் கொள்ளளவு 38,419ஆகச் சுருங்கியது. 1952இல் 61,905 பேரைக் கண்ட ஆன்ஃபீல்டில் சுமார் 45,000 பேருக்குத்தான் இடம்.

ஹைபரியைப் பெரிதாக்க வழியே இல்லை. சுற்றிலும் வரிசை வீடுகள். 1936இல் எழுந்த அழகான கிழக்கு ஸ்டாண்டோ பாதுகாக்கப்பட்ட கட்டடம், அதில் கை வைக்க முடியாது. ஆடுகளமே 100 மீட்டர் நீளம்தான். எனவே சில நூறு மீட்டர் தள்ளி, குப்பைக் கிடங்கும் தொழிற்கூடங்களும் இருந்த ஆஷ்பர்டன் குரோவில் 60,000 இருக்கைகளோடு எமிரேட்ஸ் ஸ்டேடியம் எழுந்தது. செலவு 39 கோடி பவுண்டு. ரசிகர்கள் அதே பேட்டையில், பழகிய தெருக்களிலேயே நடந்து போகிறார்கள் என்பது பெரிய ஆறுதல். இடம் மாறுவதென்றால் இப்படித்தான் மாற வேண்டும்.

ஆனால் கடன் அணியின் கழுத்தை நெரித்தது. ஆன்ரி, ஃபாப்ரேகஸ், வான் பெர்சி என்று நட்சத்திர ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக விற்கப்பட்டார்கள். 2005 எஃப்.ஏ. கோப்பைக்குப் பிறகு அடுத்த பெரிய கோப்பை 2014இல்தான் வந்தது. ஹைபரியின் கிழக்கு, மேற்கு ஸ்டாண்டுகளின் முகப்புகள் இன்றும் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இருப்பவை அடுக்குமாடி வீடுகள். ஆன்ரி கோல் அடித்த புல்தரை இப்போது குடியிருப்பின் தோட்டம். கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆட்டம் போய்விட்டது.

லிவர்பூலும் கிளம்பத்தான் பார்த்தது. பக்கத்து ஸ்டான்லி பூங்காவில் புது ஸ்டேடியம் என்ற பேச்சு பத்தாண்டு ஓடியது. அதற்குள் உரிமையாளர்கள் மாறினார்கள், வரைபடங்கள் மாறின. 2012இல் புதிய உரிமையாளர்கள் ஆன்ஃபீல்டிலேயே இருப்பதென்று முடிவு செய்தார்கள். பழைய மெயின் ஸ்டாண்டில் ரசிகர்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்க, அதன் முதுகுக்குப் பின்னாலேயே புதியதன் இரும்புச் சட்டங்கள் எழுந்தன. கோடை விடுமுறையில் பழைய கூரையைக் கழற்றி இரண்டையும் இணைத்தார்கள். இதற்காக 2016 சீசனின் முதல் மூன்று லீக் ஆட்டங்களை வெளியூரில் ஆடியதோடு சரி. கூடுதலாகக் கிடைத்தவை 8,500 இருக்கைகள்.

எல்லாவற்றையும்விட, ஆன்ஃபீல்டின் புகழ்பெற்ற 'காப்' ஸ்டாண்ட் அதே இடத்தில் நிற்கிறது. 1906இல் கட்டப்பட்ட அந்த மேட்டுக்கு, தென்னாப்பிரிக்காவில் 1900இல் நடந்த போரில் பல லங்காஷயர் படைவீரர்கள் மடிந்த ஸ்பியோன் காப் குன்றின் பெயரை வைத்தார்கள். (அந்தப் போரில் காயம்பட்டவர்களைச் சுமந்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் காந்தியோடு நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளும் இருந்தார்கள். அந்தக் கூலிகளில் தமிழர்கள் ஏராளம்.) ஹைபரிக்கு முன் ஆர்செனல் ஆடிய மைதானத்தின் மேட்டையும் 1904லேயே ஒரு பத்திரிகையாளர் அந்தக் குன்றோடு ஒப்பிட்டிருந்தார். அங்கே அந்தப் பெயருக்கு உரிய இடம் இல்லாமல் போயிற்று. ஆன்ஃபீல்டில் நூறாண்டு கடந்தும் வாழ்கிறது.

இனி விலை. ஆன்ஃபீல்டைச் சுற்றி கிளப் வாங்கிய வீடுகள் ஆண்டுக்கணக்கில் பலகை அடித்துப் பூட்டிக் கிடந்தன. தெரு பாழாவதைப் பார்த்து, அங்கேயே வாழ்ந்தவர்கள் கொதித்தார்கள். லோதேர் சாலை வீடுகள் இடிக்கப்பட்ட பிறகுதான் மெயின் ஸ்டாண்டுக்கு இடம் கிடைத்தது. ஹைபரியைச் சுற்றியிருந்தவர்களுக்கு இந்த நிலை வரவில்லை. ஆர்செனல் கடனாகச் சுமந்ததை, லிவர்பூலில் அண்டை வீட்டார் சுமந்தார்கள்.

ஒட்டுப்போட்டுக் கட்டுவதிலும் தலைவலி உண்டு. ஆன்ஃபீல்ட் ரோடு பக்கம் 7,000 இருக்கைகள் சேர்க்கும் வேலையின் நடுவில், 2023இல் ஒப்பந்த நிறுவனம் திவாலானது. அந்த ஆண்டு டிசம்பர் நடுப்பகுதிவரை மேல் அடுக்கு காலியாகவே கிடந்தது. வேலை முடிந்தபோது கொள்ளளவு சுமார் 61,000. எமிரேட்ஸும் ஏறக்குறைய இதே அளவுதான். அதனால்தான் என் ஓட்டு லிவர்பூலுக்கு. ஒரே எண்ணிக்கையைத் தொட, ஒரு கிளப் தன் வீட்டை இழந்தது, இன்னொன்று இழக்கவில்லை. ஆனால் அக்கம்பக்கத்தாருக்கு முதல் நாளிலேயே நியாயமான விலையும் மாற்று வீடும் தரமுடியாத கிளப், ஆர்செனல் மாதிரி கடன் வாங்கிக் கிளம்பிவிடுவதே நல்லது.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. 1892இல் ஆன்ஃபீல்டை விட்டுப் போன, அதே நகரத்தின் இன்னொரு கிளப்பான எவர்டன், 2025இல் தன் குடிசன் பார்க் மைதானத்தையும் விட்டுத் துறைமுகக் கரையில் புது ஸ்டேடியத்துக்குக் குடிபோனது. குடிசனை மட்டும் இடிக்கவில்லை. இப்போது அது எவர்டன் பெண்கள் அணியின் சொந்த மைதானம்.