ஹேட்ரியன் மதில் அட்டை மொடல்: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

மட்டக்களப்பு நகரிலுள்ள புத்தகக் கடையொன்றில் எங்கள் பாடசாலைக்கென வாங்கிய ஹேட்ரியன் மதிலின் அட்டை மொடலை, உயர்தர வரலாற்று மாணவரோடு சேர்ந்து ஒட்டி முடித்திருக்கிறேன். பிரித்தானியாவில் உரோமர் கி.பி. 122இல் தொடங்கிய, ஏறத்தாழ 117 கிலோமீற்றர் நீளமான அந்த எல்லை மதில் இன்று எப்படித் தெரிகிறது என்பதையல்ல, முதலில் எவ்வாறு எழுந்தது என்பதையே இது காட்டுகிறது. வாங்கத் தூண்டியதும் அதுதான்.

கோட்டை என்றாலே புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கற்கோட்டையை நினைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு மேற்குப் பகுதி வியப்பளித்தது. இர்த்திங் ஆற்றுக்கு மேற்கே மதில் முதலில் கல்லால் கட்டப்படவில்லை; புல்லும் வேருமாக வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி, அடியில் சுமார் 6 மீற்றர் அகலத்தில் எழுப்பினார்கள். வேர் பிடித்த மண் எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதைப் படுவான்கரையில் வரம்பு கட்டுபவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பகுதியிலும் காவற்கோபுரங்கள் மட்டும் தொடக்கத்திலேயே கல்லால் அமைந்தவை. ஆகவே சாம்பல்நிறக் கோபுரத்தை முதலில் நிறுத்தி, பச்சை அட்டைப் பட்டிகளை இருபுறமும் அணைத்து ஒட்டும்படி வைத்திருப்பது மிகச் சரியானது.

கிழக்கே, கோபுரத்தின் பக்கச் சுவர் அதைத் தொடும் மதிலைவிடத் தடிப்பாக இருந்ததால், அட்டையைப் பிழையாக வெட்டிவிட்டார்கள் என்றே மாணவர் நினைத்தனர். உண்மையில் அத்திவாரமும் கோபுரங்களும் 10 உரோம அடி, அதாவது சுமார் 3 மீற்றர் அகலமான மதிலுக்கென முதலில் அமைக்கப்பட்டன. வேலை நடந்துகொண்டிருக்கையில் மதிலின் அகலத்தைக் குறைக்க முடிவெடுத்தமையால், பல இடங்களில் அகன்ற அத்திவாரத்தின்மேல் ஒடுங்கிய மதில் நிற்கிறது. அந்தப் படியை விரலால் தடவிப் பார்க்கக்கூடியதாகச் செய்தமைக்காகவே இதைப் பாராட்டலாம். இருபுறமும் சதுரித்த கற்களை வைத்து நடுவே கற்துண்டுகளை நிரப்பிய முறையும் வெட்டுமுகத்தில் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் பெருங்கோட்டைகளை அடித்தாளிலேயே அச்சிட்டுவிட்டது பெரிய குறை. மதிலை ஒட்டிக் கோட்டைகளை அமைக்கும் முடிவு பின்னர் வந்தது. செஸ்டர்ஸ் என்னுமிடத்தில் ஏற்கெனவே கட்டிய கோபுரத்தை இடித்து, வெட்டிய அகழியையும் மூடித்தான் கோட்டை எழுந்தது. அத்தகைய திட்ட மாற்றம் தனித் துண்டுகளாக வந்திருக்க வேண்டும். தெற்கிலுள்ள வல்லம் என்னும் பெரிய அகழியும் மண்மேடுகளும் வெறுங் கோடாகவே நிற்கின்றன. வழிகாட்டித் தாளில் தமிழும் இல்லை.

அட்டை மெல்லியது என்பதால், மாரிகால ஈரத்தில் வளையாதிருக்க அடித்தாளை ஒட்டுப்பலகையில் ஒட்டிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். விலை சற்று அதிகமாயினும் உயர்தர வகுப்புகளுக்குத் தயக்கமின்றி வாங்கலாம். கீழ் வகுப்புப் பிள்ளைகள் ஒட்டுவதாயின் ஆசிரியர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.