குதிகால் நாண் அறுந்து வாக்கர் பூட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையில் யாருக்காவது குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாண் அறுந்து, மாவுக்கட்டு பிரித்து, "வாக்கர் பூட் வாங்கிப் போட்டுக்கோங்க" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். காலை அசையாமல் பிடித்து வைக்கும் அந்த பிளாஸ்டிக் பூட்டுக்கு ஒரு சர்ஜிகல் கடையில் 7,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் கூட இரண்டாம்பட்சம்தான். 9 மாதம் ஆகியும் இடது காலை மட்டும் ஊன்றி எக்கி நிற்க என்னால் முடியவில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரம், மாம்பலம் ஸ்டேஷன். பீச் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஓடிப் பிடித்துவிடலாம் என்று இரண்டு எட்டு வேகமாக வைத்தேன். கெண்டைக்காலுக்குக் கீழே யாரோ கட்டையால் அடித்த மாதிரி பட்டென்று ஒரு சத்தம். கோபமாகத் திரும்பிப் பார்த்தால் பின்னால் யாருமே இல்லை. வலி கூடப் பெரிதாக இல்லை, ஆனால் காலை ஊன்றி உந்த முடியவில்லை. அன்று மாலை டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லிக் கெண்டைச் சதையை அமுக்கினார். வலது காலில் அமுக்கியபோது பாதம் அசைந்தது. இடது பாதம் அசையவே இல்லை. அல்ட்ராசவுண்ட் எடுத்ததும் உறுதியானது: அக்கிலீஸ் டெண்டன் முழுதாக அறுந்திருக்கிறது.

வீட்டில் எல்லோரும் "நரம்பு அறுந்துடுச்சு" என்றார்கள். அது நரம்பு இல்லை. கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் நாண். நாம் அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் உடம்பை முன்னே தள்ளுவது அதுதான். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டினால் அறுந்த இரண்டு முனைகளும் நன்றாக நெருங்கி வருகின்றன, அதனால் ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் முடிவு செய்தார். பரதநாட்டியக்காரர்கள் கால் விரலை நீட்டி வைப்பார்களே, அந்த நிலையிலேயே 2 வாரம் மாவுக்கட்டு. பிறகு பூட். பூட்டுக்குள் குதிகாலுக்கு அடியில் ஆப்பு மாதிரி சரிவான ஸ்பாஞ்சுத் துண்டுகளை அடுக்குவார்கள். ஹீல் வெட்ஜ் என்று பெயர். அதனால் குதிகால் உயர்ந்தும் விரல்கள் தாழ்ந்தும் இருக்கும். வாரங்கள் போகப் போக டாக்டர் சொல்லும் கணக்கில் ஒவ்வொன்றாக எடுத்து, பாதத்தை மெல்ல மெல்லச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். வைத்தியமே அந்தக் கோணத்தில்தான் இருக்கிறது. பூட் அந்தக் கோணத்தைப் பிடித்து வைக்கும் கூடு. இது அன்று எனக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டைப் பிரித்த அன்று மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்த சர்ஜிகல் கடைக்கே அனுப்பினார்கள். நான் சக்கர நாற்காலியில், தம்பி பின்னால். சீட்டில் 'கேம் வாக்கர், லாங், ஹீல் வெட்ஜ் 3' என்று தெளிவாகவே எழுதியிருந்தது. கேம் வாக்கர் என்பது அதே வாக்கர் பூட்தான், லாங் என்றால் நீளமான வகை. கடைக்காரர் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தார். முழங்காலுக்குக் கீழே வரைக்கும் வர வேண்டிய பூட், கெண்டைக்காலில் பாதிகூட வரவில்லை. வெட்ஜ் இல்லை. தம்பி கேட்டான்.

"வெட்ஜெல்லாம் இப்ப வர்றதில்ல தம்பி. இந்த ஆஸ்பத்திரில எல்லாருக்கும் இதான் போகுது. டைட்டா கட்டினா போதும்."

என் பாதம் இரண்டு வாரமாக நீட்டியே இருந்ததால் பூட்டுக்குள் குதிகால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. கடைப் பையன் என் முழங்காலைப் பிடித்துக் கீழே அழுத்தி, குதிகால் உட்காரும்வரை பட்டையை இழுத்துக் கட்டினான். உயிர் போய்விட்டது. "அக்கா, மொதல்ல அப்படித்தான் இருக்கும், ரெண்டு நாள்ல பழகிடும்" என்றான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நம்பினேன். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் மேல் மாடியில் இருக்க, கட்டைப் பிரித்த காலை யாரும் பார்க்காமல் ஒரு கடைப் பையன் கையில் ஒப்படைத்த அந்த மருத்துவமனை மீதும் எனக்குக் கோபம் உண்டு. பிரித்தவர்களே பூட்டை மாட்டி, கோணத்தைப் பார்த்து அனுப்பியிருக்க வேண்டும்.

அடுத்த 9 நாள். எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அக்னி நட்சத்திரம் தொடங்கும் நேரம். உள்ளே தடித்த பஞ்சு உறை, வெளியே பிளாஸ்டிக் ஓடு. பகலில் காலே வெந்துபோகும். நான்காம் நாள் கெண்டைக்கால் வீங்கி, பட்டை பதிந்த இடத்தில் சிவந்து தடித்தது. கடைக்கு போன் செய்தேன். "லூசா இருந்தா கால் ஆடும், அதனாலதான் வீங்குது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்துக் கட்டுங்க மேடம்" என்றார் அதே ஆள். இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு பதறுகிறது. அசையாமல் வைத்த காலில் கெண்டைச் சதை வீங்கி வலித்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். எனக்கு நல்லவேளையாக உறைவு இல்லை. ஆனால் அது தெரிந்தது 5 நாள் கழித்து. உங்களுக்கு அப்படி வீங்கினால் கடைக்கு போன் செய்யாதீர்கள், டாக்டரிடம் போங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் உடனே 108.

ரிவ்யூ அன்று பிசியோதெரபிஸ்ட் என்னைப் பக்கவாட்டில் நிற்கச் சொன்னார். பூட்டைப் பார்த்தவர், "வெட்ஜ் எங்கம்மா? யாரு எடுக்கச் சொன்னா?" என்றார். முதலிலிருந்தே இல்லை என்றேன். அவர் முகம் மாறியது. பூட்டை மெதுவாகக் கழற்றி, காலை விரல் கீழே பார்க்கும்படி ஒரு தலையணை மேல் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

திரும்ப அல்ட்ராசவுண்ட். சேர்ந்து கிடந்த முனைகள் விலகியிருந்தன. நைந்துபோன எலாஸ்டிக்கை நீட்டி வைத்துத் தைத்தால் எப்படி இருக்கும்? தையல் பிடித்துக்கொள்ளும், ஆனால் சுருங்கி இழுக்கும் வலு போய்விடும். நாணும் நீளமாக ஆறினால் கெண்டைச் சதை எவ்வளவு முயன்றாலும் குதிகாலைத் தூக்கும் விசை முழுதாகக் கிடைக்காது. பாதத்தை மறுபடி நீட்டி 3 வாரம் மாவுக்கட்டு போட்டார்கள். விலகல் அந்த பூட்டால் மட்டும்தானா என்று கேட்டேன். "நூறு சதவீதம்னு சொல்ல முடியாதும்மா. ஆனா இந்தக் கட்டத்துல தட்டையா வச்சது தப்புதான்" என்றார் டாக்டர். அவர் சொன்னதை அப்படியே இங்கே வைக்கிறேன், கூட்டவில்லை.

வீட்டுக்கு வந்து, திருப்பிக் கொடுப்பதற்கு முன் துவைத்து வைக்கலாம் என்று என் அம்மா பூட்டின் உறையைக் கழற்றினார். குதிகால் பக்கம், அடித்தட்டுக்கு அடியில், கட்டியாக இறுகிப்போன பவுடர். நான் பவுடரே போட்டதில்லை. வெல்க்ரோ முழுக்க நீல நிறக் கம்பளி நூல் பிசிறு. என்னிடம் அந்த நிறத்தில் எதுவும் இல்லை. வேறு யாரோ பல வாரம் போட்டு நடந்த பூட் அது. பெட்டியை வெளிச்சத்தில் பார்த்தோம். எம்ஆர்பி 7,990 என்ற ஸ்டிக்கரின் ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்தது. தம்பி நகத்தால் மெல்ல உரித்தான். அடியில் அச்சில் 4,350.

கடையில் திருப்பிக் கேட்டபோது, "போட்ட ஐட்டத்தை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம், இன்ஃபெக்‌ஷன் ஆகும்" என்றார்கள். சுவரில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று போர்டு. அந்த போர்டைப் பார்த்து நாம் பயந்து திரும்பிவிடுகிறோம். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. பில் தராமல் இருப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். அச்சிட்ட எம்ஆர்பியை மறைத்து மேலே ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் கூட்டுவதை, பொட்டலப் பொருட்களுக்கான 2011 ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகள் அனுமதிப்பதில்லை. விலையைக் குறைப்பதற்கு ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. அங்கே எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்தேன். பில் இல்லாவிட்டாலும் ஜிபே மூலம் பணம் கட்டியிருந்ததும், ஸ்டிக்கரை உரிக்கும்போது தம்பி எடுத்த வீடியோவும் கைகொடுத்தன. மூன்றாவது வாரம் கடையிலிருந்து தானாகவே போன் வந்தது. முழுத் தொகையும் திரும்ப வந்தது. "கம்ப்ளெயின்டை வாபஸ் வாங்கிடுங்க மேடம்" என்றார்கள். வாங்கவில்லை. காலுக்கு ஏற்பட்ட பாதிப்புக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட வழக்கறிஞரிடம் காகிதங்களைக் கொடுத்திருக்கிறேன். அதற்கு 2 வருடம் அவகாசம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது.

இரண்டாவது பூட்டைத் தம்பி பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் சர்ஜிகல் கடைகளில் ஏறி இறங்கி வாங்கி வந்தான். நீளமான பூட், 3 வெட்ஜ், ஜிஎஸ்டி பில் எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். 'வெட்ஜெல்லாம் இப்ப வர்றதில்ல' என்பது முழுப் பொய். வெட்ஜுக்குப் பதிலாகக் கணுக்காலில் கீல் வைத்து, கோணத்தைத் திருப்பிப் பூட்டும் வகையும் இருக்கிறது. உங்களுக்கு எது என்பதை டாக்டர் சொல்லட்டும். ஆனால் கடையில் காலை உள்ளே விடும் முன் டாக்டர் எழுதியதும் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். போட்டதும் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து டாக்டருக்கோ பிசியோவுக்கோ அனுப்புங்கள். குதிகால் அந்தரத்தில் நின்றாலும், யாராவது அழுத்தித் திணித்தாலும் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். உறையை முழுதாக வெளியே எடுத்து, முகர்ந்துகூடப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். எம்ஆர்பி ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு விலை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கடையில் யாரும் சொல்லாத இன்னொரு விஷயம்: பூட்டின் அடிப்பாகம் உயரமானது. மற்ற காலில் வீட்டுச் செருப்புப் போட்டு நடந்தால் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து வலி பிடிக்கும். எனக்குப் பிடித்தது. அந்தக் காலுக்குத் தடித்த அடியுள்ள ஷூ போட்ட பிறகுதான் சரியானது. வியர்வைக்கு உள்ளே நீளமான காட்டன் சாக்ஸ் போட்டு தினமும் மாற்றினேன். டாக்டர் அனுமதித்த பிறகு உறையை வாரம் ஒருமுறை துவைத்து மின்விசிறியில் காய வைத்தோம். அதுவரை, குளிக்கக் கழற்றும்போது நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தொங்கவிட்டேன், பூட் இல்லாமல் தரையில் ஊன்றவே இல்லை. இரவிலும் பூட்டோடுதான் தூக்கம். தூக்கக் கலக்கத்தில் பாத்ரூமுக்கு வெறுங்காலோடு எழுந்து போய் மறுபடி அறுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருப்பதாக பிசியோ சொன்னார்.

ஆகஸ்டில் பூட்டைக் கழற்றினேன். இப்போது தட்டையான தரையில் நன்றாக நடக்கிறேன். மாடிப்படி இறங்கும்போது மட்டும் இடது கால் பின்தங்குகிறது. தினமும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பயிற்சி செய்கிறேன். இரண்டு காலில் 25 முறை வருகிறது. இடது காலில் மட்டும் என்றால் குதிகால் ஒரு விரல் அளவு எழும்பி நின்றுவிடுகிறது.

பழைய பூட்டும் பெட்டியும் சாட்சிக்காக அப்படியே பரணில் இருக்கின்றன. இரண்டாவது பூட்டின் 3 வெட்ஜ்களும் கழுவிக் காய வைத்து என்னிடம் உள்ளன. நான் பயன்படுத்தியவைதான், அளவு மீடியம். மேற்கு மாம்பலம், அசோக் நகர் பக்கம் யாருக்காவது கடையில் "வெட்ஜ் இல்லை" என்று சொல்லி அனுப்பினால், உங்கள் பூட்டுக்கு இவை பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். தம்பி கொண்டுவந்து கொடுப்பான், பணம் வேண்டாம்.