சுங்கை சிப்புட்டில் இரண்டரை நாள் இருட்டும் ஒரு ரேடியோக் கடையும்

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, மலேசியாவில் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். விமானம், குடிநுழைவு, ஈப்போ வரை பஸ் எல்லாம் குறையில்லாமல் நடந்தன. அவற்றுக்காக இதை எழுதவில்லை. டவுனில் ஒரு பழைய ரேடியோக் கடையில் கழித்த ஒரு மணி நேரத்துக்காக எழுதுகிறேன். மெல்பர்ன் திரும்பி மூன்று வாரமாகிறது, இன்னும் அந்த ஒரு மணி நேரம் மனத்தை விட்டுப் போகவில்லை.

போன அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை எப்படி என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதியம் வரை சுள்ளென்று வெயில், இரண்டு மணிக்கு மேல் கறுத்துக்கொண்டு வரும், பிறகு இடியும் மழையும். அன்று காற்றும் சேர்ந்துகொண்டது. எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் நின்ற பெரிய மரம் மின்கம்பியின் மேல் சாய்ந்தது. தாமான் முழுக்க இருட்டு. புகார் எண்ணுக்கு அழைத்தால் பாட்டு. பாட்டு முடிந்தால் "விரைவில் சரிசெய்யப்படும்" என்ற ஒரே பதில். அந்த "விரைவில்" இரண்டரை நாள் நீண்டது. மெல்பர்னிலும் புயலில் மின்சாரம் போவதுண்டு. ஆனால் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று போனுக்குச் செய்தி வந்துவிடும். இங்கே வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். எழுபத்தெட்டு வயது அப்பா இருக்கிற வீட்டுக்கு அது போதாது.

இருட்டு எங்களுக்குப் புதிதல்ல. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தவரை மாலை ஆறு மணிக்கு ஜெனரேட்டர் ஓடும், இரவு பத்துக்கு நிற்கும். மற்ற நேரம் மண்ணெண்ணெய் விளக்குதான். அப்பாவின் டிரான்சிஸ்டர் ரேடியோ பேட்டரியில் பாடும். பேட்டரி மங்கினால் கழற்றித் தகரக் கூரையின் ஓரத்தில் வெயிலில் காயவைப்பார். சூட்டில் உள்ளிருக்கும் மருந்துக்குக் கொஞ்சம் உயிர் வந்து, இன்னும் இரண்டு நாள் செய்தி கேட்கலாம். வெயிலிலிருந்து மின்சாரம் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தக் கூரையோரம்தான் கண்ணில் வருகிறது.

அப்போது அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்டது. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட பிறகு, அவற்றில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் எண்ணெய் ஆலைக்குப் போனார். பாய்லர் பக்கம் இருபது ஆண்டு. இப்போது இரண்டு காதிலும் செவிக்கருவி. பழையதற்குப் பொத்தான் அளவு பேட்டரியை மாற்றினால் போதும். போன வருடம் நான் வாங்கிக் கொடுத்தது சார்ஜ் ஏற்றுகிற வகை. இரவில் ஒரு சின்ன டப்பாவுக்குள் வைத்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் நிரம்பும், மறுநாள் முழுக்க ஓடும். சுவரில் மின்சாரம் இல்லாத இரவில் அந்த டப்பா என்ன செய்யும் என்று வாங்கும்போது நான் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் கருவி இரண்டும் ஓய்ந்துவிட்டன. அப்பா அவற்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். பேத்தி மெல்பர்னிலிருந்து அழைத்தாள். "தாத்தா, மழை நின்றுவிட்டதா?" என்று கேட்டாள். "சாப்பிட்டேன் அம்மா, நீ சாப்பிட்டாயா?" என்றார் அப்பா.

என் பையில் மடிக்கும் சோலார் தகடு ஒன்று இருந்தது. காட்டு முகாமுக்கு எடுத்துப் போவது, நான்கு மடிப்பு. மேலே 21 வாட் என்று போட்டிருக்கும், நல்ல வெயிலில் கைக்கு வருவது பன்னிரண்டு பதிமூன்றுதான். பின்வாசலில் விரித்து, செங்கல்லை முட்டுக்கொடுத்து, வடக்கு நோக்கி நன்றாகச் சாய்த்து வைத்தேன். மெல்பர்ன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 38 பாகையில் இருக்கிறது. அங்கே சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும், அப்படித்தான் வைக்கவேண்டும். கை பழகிய பழக்கம். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், அதில் செருகிய பவர் பேங்கில் ஏற்றத்தின் அளவைக் காட்டும் விளக்குகளில் முதலாவதே இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

அப்பா படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து குனிந்து, செங்கல்லின் நிழலை விரலால் தொட்டுக் காட்டினார். நிழல் வடக்கே விழுந்திருந்தது. பிறகு தெற்கு வானத்தைக் காட்டினார். கடிகாரம் இல்லாமல் வெயிலைப் பார்த்தே நேரம் சொன்னவர். சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்குள் இருக்கிறது. ஆவணிக் கடைசியில் உச்சந்தலைக்கு நேரே நின்ற சூரியன் ஐப்பசியில் தெற்கே நகர்ந்துவிடுகிறது. என் தகடோ அதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறது. வரவேண்டிய வெயிலில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு அதிலேயே போய்விட்டது. அப்பா செங்கல்லைத் தூக்கி ஓரமாகப் போட்டார். தகட்டைக் கிட்டத்தட்டப் படுக்கையாக, தெற்கே லேசாகச் சரித்து வைத்தார். முருங்கைக் கிளையின் நிழல் ஒரு மூலையில் ஆடுவதைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளியும் வைத்தார். அதுவும் சரியே. தகட்டின் செல்களைத் தொடராகக் கோத்திருப்பதால் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் ஓட்டமும் சேர்ந்து சுருங்கும். வானம் கறுப்பதற்குள் மூன்று விளக்கு ஏறிவிட்டது.

தகட்டில் போனை நேராகச் செருகாதீர்கள். மேகம் கடக்கும்போதெல்லாம் மின்சாரம் அறுந்து அறுந்து வரும், சில போன்கள் அதன் பிறகு மெதுவாகவே ஏற்றும்; வெயிலில் கிடந்து சூடேறினால் ஏற்றுவதையே நிறுத்திவிடும். வெயில் பவர் பேங்குக்கு, பவர் பேங்க் மற்றவற்றுக்கு. அந்தப் பவர் பேங்கும் தகட்டுக்கு அடியில் நிழலில் இருக்கவேண்டும்.

அத்தானிடமும் ஒரு "சோலார் பவர் பேங்க்" இருந்தது. டவுனில் ஒரு போன் கடையில் வாங்கியது. 30,000 மில்லியாம்பியர் மணி, நான்கு மணி நேர வெயிலில் நிரம்பிவிடும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. 30,000 என்பது உண்மையானால் அது 111 வாட் மணி. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அளவுத் தகடு ஒன்றரை வாட் கொடுத்தால் பெரிது. எழுபது மணி நேரத்துக்கு மேல் சுட்டெரிக்கும் வெயில் வேண்டும். நம் ஊரில் ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் அப்படிப்பட்ட வெயில் கிடைக்காது, ஆக இரண்டு வாரத்துக்கும் மேல். ஏறவே மாட்டேன் என்கிறதே என்று அத்தான் அதைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார். மூடிய காரில் அந்த இடம் எழுபது டிகிரியைத் தொடும். லித்தியம் பேட்டரிக்கு நாற்பத்தைந்துக்கு மேல் சார்ஜ் ஏற்றவே கூடாது. நான் எடுத்துப் பார்த்தபோது அதன் வயிறு உப்பி, ஓரத்தில் ஒட்டு விட்டிருந்தது. வீட்டுக்குள் அதைக் கொண்டுவர நான் விடவில்லை.

அன்றிரவு செவிக்கருவி டப்பாவை என் பவர் பேங்கில் செருகினேன். டப்பாவில் பச்சை விளக்கு வந்தது. நிம்மதியாகப் படுத்தேன். காலையில் அப்பா கருவியை எடுத்துக் காதில் வைத்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மறுபடி எடுத்து ஊதிப் பார்த்து வைத்தார். பவர் பேங்கில் அதே மூன்று விளக்கு. இரவு முழுக்க ஒரு சொட்டும் இறங்கவில்லை. அக்கா காரில் செருகலாம் என்றார். எஞ்சினை மூன்று மணி நேரம் ஓடவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து மணிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு நடந்தேன்.

முதலில் அந்தப் போன் கடைக்குத்தான் போனோம். கடைப்பையன் டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பவர் பேங்க் கெட்டிருக்கும், புதிது எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான். மெல்பர்னிலும் இப்படித்தான், முன்பதிவு செய்துகொண்டு போனால், பழுது பார்க்கிற கூலி புதுப்பொருளின் விலையைத் தாண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். அப்பா என் முழங்கையைப் பிடித்து எதிர் வரிசைக் கடைகளின் ஐந்தடிக்கு (கடைமுன் நடைபாதைக்கு) அழைத்துப் போனார்.

அந்த ரேடியோக் கடை நான் பள்ளியில் படிக்கும்போதே பழையது. அதே ஈய வாசனை, அதே மரப்பெஞ்சு. சுவரில் துன் சம்பந்தன் படம். துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களின் பத்துப் பத்து வெள்ளியை (ரிங்கிட்) சேர்த்தே வாங்கலாம் என்று 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய எங்கள் ஊர்க்காரர். அப்பாவின் பங்குப் பத்திரம் இன்னும் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது.

கடைக்கார அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. பவர் பேங்குக்கும் டப்பாவுக்கும் நடுவே தீப்பெட்டி அளவு மீட்டர் ஒன்றைச் செருகினார். திரையில் 0.05 ஆம்பியர் என்று வந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். முப்பது எண்ணுவதற்குள் 0.00 ஆகி, திரையே அணைந்தது.

"பவர் பேங்க் கெடவில்லை, தம்பி. போனுக்காகச் செய்தது இது. இவ்வளவு சின்ன ஓட்டத்தை இது கணக்கில் எடுக்காது. ஒன்றும் செருகவில்லை என்று அணைந்துவிடுகிறது."

எனக்குச் சொன்னது அவ்வளவுதான். பிறகு பில் புத்தகத்தை இழுத்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதி அப்பா பக்கம் திருப்பினார்: "டப்பா கொஞ்சமாகக் குடிக்கிறது. பவர் பேங்க் தூங்கிவிடுகிறது. பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் தூங்காது." அப்பா உதடசைத்துப் படித்தார். இழுப்பறையிலிருந்து விரல் நீள யூ.எஸ்.பி. விளக்கு ஒன்றை எடுத்து இரண்டாவது துளையில் செருகினார் அண்ணன். மஞ்சள் வெளிச்சம் வந்தது. டப்பாவின் பச்சையும் நின்று எரிந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அணையவில்லை.

"எத்தனை மணி நேரம் எரியும்?" என்று அப்பா கடை அதிரக் கேட்டார். அண்ணன் எழுதினார்: "விடியும்வரை."

அப்பாவின் கையாலேயே எல்லாவற்றையும் கழற்றி மறுபடி செருக வைத்தார், இரண்டு முறை. இவ்வளவு நாளும் அப்பாவின் காதைப் பற்றி எல்லாரும் என்னிடம்தான் பேசியிருக்கிறார்கள்: மெல்பர்னில் மருத்துவர், கருவி விற்றவர், சற்று முன் பார்த்த போன் கடைப்பையன், எல்லாரும். கருவியை வைத்திருப்பவரிடம் முதன்முதலாகப் பேசியவர் இவர்தான், அதுவும் கத்தாமல். "இப்போதைக்கு இங்கே ஏறட்டும்" என்று டப்பாவைத் தன் சுவர் சாக்கெட்டில் மாட்டிவிட்டு எங்களைத் தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடிக்க அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்து வந்து அப்பா கருவியை மாட்டிக்கொண்டார். கடை ரேடியோவில் மின்னல் பண்பலை போய்க்கொண்டிருந்தது. அப்பா முதலில் சொன்னது, "சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்."

விளக்குக்கு மூன்று வெள்ளி வாங்கிக்கொண்டார். கூலி எவ்வளவு என்று இரண்டு முறை கேட்டும் கையை ஆட்டிவிட்டார். பென்சிலில் எழுதிய தாளைக் கிழித்து மடித்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தார்.

மின்சாரம் மறுநாள் மதியம் வந்தது. நடுவில் அந்த ஒரு இரவு அப்பாவே தகட்டை மடித்து எடுத்து, விளக்கையும் டப்பாவையும் செருகி, தாளைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டுப் படுத்தார். காலையில் இரண்டு காதும் கேட்டன. தகட்டையும் பவர் பேங்கையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

பெற்றோருக்குச் சார்ஜ் ஏற்றும் செவிக்கருவியோ கைக்கடிகாரமோ வாங்கித் தருகிறவர்கள், பவர் பேங்க் வாங்கும்போது சின்ன ஓட்டத்துக்குத் தனி நிலை உண்டா என்று கேளுங்கள். சிலவற்றில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் அந்த நிலை வரும், விளக்கு தேவைப்படாது. இல்லையென்றால் அண்ணனின் கடைக்குப் போங்கள், கருவியை வைத்திருப்பவரையும் கூட்டிக்கொண்டு. பத்து மணிக்குத் திறப்பார்; ஒன்றிலிருந்து மூன்று வரை பூட்டியிருக்கும்.