எலைஜா கிரெய்க் பேரல் ப்ரூஃப் சி923: ராவாக வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்

ஸ்பெஷல் ரிலீஸ் என்று சொன்னாலே கடைக்காரர்கள் இஷ்டத்துக்கு விலை ஏற்றுகிற பர்பன் (அமெரிக்க விஸ்கி வகை) உலகத்தில், வருடத்துக்கு மூன்று முறை வருகிற எலைஜா கிரெய்க் பேரல் ப்ரூஃப் வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் ஹெவன் ஹில் நிறுவனத்தின் தயாரிப்பு. நான் குடித்த பாட்டிலில் இருக்கும் சி923 என்ற குறியீட்டைப் படிப்பது சுலபம்: சி என்றால் அந்த வருடத்தின் மூன்றாவது வெளியீடு, 9 என்றால் செப்டம்பர், 23 என்றால் 2023.

முன்பெல்லாம் இந்த வரிசையில் எது வந்தாலும் பீப்பாயில் 12 வருடம் ஊறிய சரக்குதான். 2023 மே மாதம் வந்த பி523-இல் 11 வருடம் 5 மாதம் என்று போட்டிருந்ததும் 'போச்சுடா, ஏமாத்துறாங்க' என்று ரசிகர்களிடம் ஒரே புலம்பல். அடுத்து சி923-இல் 13 வருடம் 7 மாதம் என்று வந்ததும் அதே ஆட்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள்.

இதன் வீரியம் 133 ப்ரூஃப், அதாவது 66.5 சதவீத ஆல்கஹால். பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். அப்புறம் எப்படி இவ்வளவு ஏறியது என்றால், கென்டக்கி வெயிலில் கிடங்கின் மேல்தளங்கள் கொதிக்கும்போது பீப்பாயிலிருந்து ஆல்கஹாலைவிடத் தண்ணீர்தான் அதிகமாக ஆவியாகிப் போகிறது. பாட்டிலில் அடைக்கும்போது தண்ணீர் கலந்து வீரியத்தைக் குறைப்பதும் இல்லை, பேரல் ப்ரூஃப் என்றால் அதுதான்.

கிளாஸில் ஊற்றி ஒரு பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அவசரப்பட்டு மூக்கை உள்ளே விட்டால் எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும். பொறுத்தால் வெனிலா, பட்டை, கருகப்போகிற சர்க்கரைப் பாகு எல்லாம் வரிசையாக வரும். ராவாக ஒரு வாய் குடித்தபோது முதலில் நல்ல இனிப்பு, உடனே நாக்கில் சுர்ரென்று காரம், கடைசியில் ஓக் மரத்தின் துவர்ப்பு பாக்கு மென்ற மாதிரி ஈறு முழுக்க ஒட்டிக்கொண்டது. அரை டீஸ்பூன் தண்ணீர் விட்டதும் துவர்ப்பு அடங்கி, உலர்ந்த செர்ரி, வறுத்த வேர்க்கடலை, கொஞ்சம் புகையிலை வாசனை என்று உள்ளே ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. ராவாகக் குடிப்பதுதான் வீரம் என்று நினைப்பவர்கள் பாதிச் சரக்கைத் தவறவிடுகிறார்கள். ஐஸ் மட்டும் வேண்டாம், வாசனையை அமுக்கிவிடுகிறது.

என்னைக் கேட்டால் பி523 அவ்வளவு மட்டமில்லை, ராவாகக் குடிக்க அதுதான் சுலபம். ஆனால் தண்ணீர் விட்ட பிறகு சி923 பக்கத்தில் அது நிற்காது.

விலைதான் பிரச்சினை. வெளியானபோது ஹெவன் ஹில் சொன்னது சுமார் 70 டாலர், அதற்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், 100 வரைகூடப் பரவாயில்லை. 200 கேட்கிற கடையில் பேரம் பேசி நேரத்தை வீணாக்காமல், இதே வரிசையில் இதற்கு அடுத்து வந்த பாட்டில் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.